பூட்டில்லாத லென்

பதினோரு வருஷத்துக்கு முன் லென் ரூஷ்கா செத்த அறையில்தான் இப்போது எனக்கு வேலை. செப்டம்பர் கடைசி வெள்ளியில் தொடங்கி அக்டோபர் முப்பத்தொன்று வரை, மாலை ஆறிலிருந்து பத்து மணி வரைக்கும். முகத்தில் சாம்பல் மையைப் பூசி, வாயோரம் பொய் ரத்தத்தை ஒழுகவிட்டு, ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்பேன். பன்னிரண்டு பேராக உள்ளே அனுப்புவார்கள். நான் சிரிக்க வேண்டும். பிறகு சுவரில் இருக்கும் லீவரை இழுக்க வேண்டும். குழிக்குள் ரப்பர் கால்கள் இரண்டு உதறும், சிவப்புத் தண்ணீர் பீய்ச்சும், வந்தவர்கள் கத்திக்கொண்டு ஏழாம் அறைக்கு ஓடுவார்கள். ஆறு நிமிஷம் கழித்து அடுத்த கும்பல்.

அது பன்றி வெட்டும் ஆலையாக இருந்த இடம். நெப்ராஸ்காவில் எங்கள் ஊருக்கு இருந்த ஒரே பிழைப்பு அதுதான். நான் அங்கே இருபத்தாறு வருஷம் தோள்பட்டை எலும்பைப் பிரித்தேன். என் வலதுகை விரல்கள் கத்திப்பிடியின் வளைவிலேயே நின்றுவிட்டன. காபிக் கோப்பையைப் பிடிக்கும், பேனாவைப் பிடிக்காது. நாலு வருஷத்துக்கு முன் கம்பெனி ஆலையை மூடிவிட்டது, கட்டிடத்தை மட்டும் விற்காமல் வைத்திருக்கிறது. ஒமாஹாவிலிருந்து டிரெவர் என்ற பையன் வந்து அதை வாடகைக்கு எடுத்தான். பேய் வீடு. தலைக்கு முப்பத்தைந்து டாலர், வரிசையில் நிற்காமல் நுழைய அறுபது. சிகாகோ போகிற நெடுஞ்சாலையில் விளம்பரப் பலகை வைத்திருக்கிறான். மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள், நாங்கள் நாற்றம் தாங்காமல் விட்டு ஓடத் துடித்த இடத்துக்கு.

என்னை வேலைக்கு எடுத்தபோது அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான்.

"இது எப்பவுமே இப்படித்தான் இருக்குமா, தலைவரே?"

"நிமிராது."

"சூப்பர். இதுக்கு மேக்கப்பே வேணாம்."

அக்டோபர் கடைசி நாளில் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு மிட்டாய் கேட்கிற ஹாலோவீன் முன்பு இப்படி இல்லை என்று எங்கள் வயசுக்காரர்கள் புலம்புவார்கள். எனக்கு அந்தப் புலம்பல் பிடிக்காது. முன்பும் ஒன்றும் வாழவில்லை. வாசல் விளக்கு எரிகிற வீடெல்லாம் பிள்ளைகள் ஏறி இறங்கும். தலையணை உறையில் மிட்டாய் நிறையும். பெரிய பையன்கள் முட்டை அடிப்பார்கள். ஒரு வருஷம் என் கார் டயர் நான்கையும் கிழித்தார்கள். இப்போது வாசலுக்கு யாரும் வருவதில்லை. பயமாம். யாரைக் கண்டு பயம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வீட்டு முன்னால் பன்னிரண்டடி பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை நட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, கேமராவில் காலித் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லூத்தரன் சர்ச் மைதானத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே கார்களின் டிக்கியைத் திறந்து, அதற்குள் ஒட்டடை, பூசணிக்காய் என்று ஜோடித்து, வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். பிள்ளைகள் டிக்கி டிக்கியாகப் போய் மிட்டாய் வாங்கும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த வருஷம் அந்த மைதானத்தில்தான் வினை ஆரம்பித்தது.

என் காருக்கு அடுத்த கார் மார்லிஸுடையது. மார்லிஸ், லென்னுடைய மனைவி. அறுபத்திரண்டு வயது, பள்ளிக்கூடச் சமையலறையில் இன்னும் தட்டு கழுவுகிறாள். வழக்கம்போல் சோளப்பொரியைப் பாகில் பிடித்து உருண்டை செய்து கொண்டுவந்திருந்தாள். வீட்டில் செய்ததை யாரும் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை, கடைக் காகிதம் பிரியாமல் இருந்தால்தான் வாங்குவார்கள் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் செய்வாள். அதற்குப் பக்கத்தில் கடை மிட்டாயும் ஒரு வாளி வைத்திருந்தாள்.

ஏழு வயது இருக்கும், ஒரு பெண்குழந்தை வந்து நின்றது. கிழிந்த வெள்ளைக் கோட்டு, முகமெல்லாம் சிவப்பு மை, கழுத்தில் சங்கிலி.

"அடேங்கப்பா! யாருடி நீ? டாக்டரா?"

"இல்ல. பூட்டில்லாத லென்."

மார்லிஸுக்கு உடனே புரியவில்லை. சிரித்தபடியே கேட்டாள். "அது யாரு?"

"உங்களுக்குத் தெரியாதா? பேய் வீட்டுல இருக்கானே. அவன் ஒரு முட்டாள். பூட்டு மாட்ட மறந்துட்டு மெஷினுக்குள்ள எறங்கி அரைபட்டுட்டான். இப்ப பூட்டத் தேடி அலையுறான்." குழந்தை கையை நீட்டிக் கரகரத்த குரலில் சொல்லிக் காட்டியது. "என் பூட்டு எங்கே... என் பூட்டு எங்கே..."

பின்னால் நின்ற அதன் அம்மா சிரித்தாள். "நாள் முழுக்க இதேதான். அக்கா காட்டுன வீடியோவப் பாத்துட்டு உசிர வாங்குறா."

மார்லிஸ் வாளியிலிருந்து மிட்டாய் எடுத்துக் குழந்தையின் பையில் போட்டாள். ஒன்றல்ல, கை நிறைய. அவர்கள் போனபின் டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். நான் என் பூசணிக்காயை இடமும் வலமுமாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

"டெல்," என்றாள். "நீ அங்கதான வேலை பாக்குற?"

"ஆமா."

"எந்த ரூம்ல?"

பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. "ஆறு."

"அதுலயா இது நடக்குது?"

"அதுலதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது, மார்லிஸ்?"

அவள் என்னைத் திட்டவில்லை. "நாளைக்கு என்னை அந்த ஆளுகிட்டக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

ஆலையில் வேலை பார்க்காதவர்களுக்கு இந்தப் பூட்டு விஷயம் விளங்காது. எங்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த சிவப்புப் பூட்டு ஒன்று உண்டு. எந்த இயந்திரத்தைக் கழுவ, பிரிக்க, அடைப்பு எடுக்க இறங்கினாலும், முதலில் அதை நிறுத்தி, சுவிட்சின் லீவரில் நம் பூட்டை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பவன் வெளியே வந்து தன் பூட்டைத் தானே எடுக்கிறவரை யாரும் அதைத் தொடக்கூடாது. அந்தப் பூட்டு மாட்டியிருந்தால் உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். லென் வேலை பார்த்தது குழியில். எலும்பையும் கொழுப்பையும் தள்ளிக்கொண்டு போகிற இரும்புத் திருகு அங்கே சுற்றும், ஒரு ஆள் தடிமன்.

லென் பூட்டு மாட்டவில்லை, அதனால் செத்தான் என்று கம்பெனி எழுதியது. அவன் தப்பு என்றாகிவிட்டதால் அனுதாபக் கடிதத்தில்கூட வேலைப் பாதுகாப்பு பற்றி ஒரு பத்தி சேர்த்து மார்லிஸுக்கு அனுப்பினார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டுவாளா, அடுப்பில் போடுவாளா? மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: தன் புருஷன் தன் கவனக்குறைவால் சாகவில்லை என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக ஒருவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை டிரெவரைப் பார்க்கப் போனோம். பழைய நர்ஸ் அறையைத்தான் ஆபீஸாக வைத்திருக்கிறான். எங்கள் விரல்களில் ஐஸ் கட்டி வைத்துத் திருப்பி வேலைக்கு அனுப்பிய அறை. மார்லிஸ் சர்ச்சுக்குப் போடுகிற நீலக் கோட்டில் வந்திருந்தாள். அவன் எழுந்து நாற்காலி போட்டான். மரியாதையான பையன்தான்.

"உங்க வீட்டுக்காரர்னு எனக்கு நெஜமாவே தெரியாது, மேடம். சாரி. பேர மாத்திடுறேன். நெட்னு வெச்சிடலாம். நெட் ஓகேவா?"

"பேர் இல்ல பிரச்சினை. அவரு பூட்டு மாட்டினாரு."

"ரிப்போர்ட்ல அப்படி இல்லையே மேடம்."

"அடுப்ப அணைச்சோமான்னு பாக்கப் பாதி வழியில காரத் திருப்புற ஆளு அவரு. எங்க கல்யாணத்துக்கே அதனால லேட்டா வந்தாரு. பூட்டு மாட்டாம எறங்குவாரா?"

டிரெவர் கணினியில் தேடி ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். அரசாங்க விசாரணை அறிக்கை; கேட்கிற யாருக்கும் கொடுப்பார்கள். சாட்சிகளின் பெயர்களையெல்லாம் கறுப்பாக அடித்திருந்தார்கள். "இதுல பாருங்க. மூணாவது சாட்சி. 'சுவிட்சில் பூட்டு எதுவும் தொங்கவில்லை, நான் கண்ணால் பார்த்தேன்.' கூட வேலை பார்த்தவரு சொன்னது. கையெழுத்துப் போட்டிருக்காரு."

மார்லிஸ் அந்தக் கறுப்புப் பட்டையையே பார்த்தாள். "எவன் அவன்?"

"தெரியாது மேடம்."

"அவன் பொய் சொல்லியிருக்கான்." என் பக்கம் திரும்பினாள். "டெல், அன்னிக்கு நீ ஷிப்ட்ல இருந்தியே. யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அந்தக் கறுப்புப் பட்டைக்குக் கீழே இருப்பது டெல்மர் ஸ்வோபோடா. நான்தான்.

நடந்தது இது. லென் பூட்டு மாட்டிவிட்டுத்தான் இறங்கினான். சிவப்புப் பூட்டு, அவன் பெயரோடு, சுவிட்சில் தொங்கியதை நான் பார்த்தேன். திருகு நின்றதால் மேலே பன்றி வெட்டும் வரிசையும் நின்றுபோயிருந்தது. கொக்கிகளில் பன்றிகள் தொங்கிக்கொண்டிருந்தன. மேஸ்திரி டென்னிங் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். சாப்பாட்டு நேரம். லென் பூட்டை எடுக்க மறந்து சாப்பிடப் போய்விட்டான் என்று அவனாக முடிவு செய்துகொண்டான். குழிக்குள் எட்டிப் பார்க்க இருபது விநாடி ஆகியிருக்கும். பெரிய இரும்பு வெட்டியைக் கொண்டுவந்து பூட்டின் வளையத்தை நறுக்கினான். இரண்டு கையும் வெட்டியில் இருந்ததால் என்னைப் பார்த்து, "போடுடா" என்றான். நான் லீவரை இழுத்தேன்.

டென்னிங் வெட்டிய பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அன்று மாலை என்னிடம் சொன்னான்: "இழுத்தது நீ. ஞாபகம் வெச்சுக்க." அதற்கு மேல் அவன் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஏழு வருஷம், ஆலை மூடுகிறவரை, எனக்கு வேலை இருந்தது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மார்லிஸ் வீட்டில் பன்றித்தொடை சாப்பிட்டேன், லென்னின் நாற்காலியில் உட்கார்ந்து.

மார்லிஸைக் காரில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்து டிரெவரிடம் கேட்டேன். "தம்பி, ஒரு பேச்சுக்கு வெச்சுக்க. பூட்டு இருந்துச்சு, மேஸ்திரி அத வெட்டிட்டான்னு கதைய மாத்தினா?"

அவன் கண்கள் விரிந்தன. "அடடா, செம கதை தலைவரே! வில்லன் கிடைச்சிட்டான் பாருங்க." அப்புறம் உதட்டைப் பிதுக்கினான். "ஆனா முடியாது. கம்பெனியப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு வாடகைப் பத்திரத்துல இருக்கு. மறுநாளே காலி பண்ண வெச்சிருவாங்க."

"லென்னப் பத்தித் தப்பாப் பேசலாமா?"

"செத்தவரு கேஸ் போட மாட்டாரே."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை ஹாலோவீன். ஊரே அங்கேதான் இருந்தது. ஆலை மைதானத்தில் கார் நிறுத்த இடமில்லை. ஆறாம் அறையில் ஒலிபெருக்கி ஆறு நிமிஷத்துக்கு ஒருமுறை கரகரத்தது: "நெட் ஒரு சோம்பேறி. நெட் பூட்டு மாட்ட மறந்தான். நெட் இப்போது உங்கள் பூட்டைத் தேடுகிறான்." டிரெவர் பெயரை மாற்றியிருந்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன்.

எட்டு மணிக்கு மேல் வந்த ஒரு கும்பலில் நீலக் கோட்டு தெரிந்தது. கல்லூரிப் பிள்ளைகள் பதினொரு பேர், நடுவில் மார்லிஸ், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி வந்திருக்கிறாள். அந்தக் குழி எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை. கம்பெனி அவளை உள்ளே விட்டதே இல்லை.

ஒலிபெருக்கி சொல்லி முடித்தது. நான் சிரிக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. லீவரில் கை வைத்தேன். மார்லிஸ் ரப்பர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "அவன் பேரு லென் ரூஷ்கா. அவன் பூட்டு மாட்டினான். நான் பாத்தேன். மேஸ்திரி டென்னிங் அத வெட்டினான். போடுடான்னான். நான்தான் இந்த லீவர இழுத்தேன். இதோ, இந்தக் கையால. அப்புறம் பூட்டே இல்லன்னு கையெழுத்துப் போட்டேன்."

ஓ-வென்று கத்தினார்கள். கை தட்டினார்கள். மூன்று பேர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்கள்.

"டேய், அழுவுறாருடா பெருசு! மேக்கப் கரையுது பாரு!"

"தாத்தா, அந்தக் கைய இன்னொரு தடவ தூக்குங்க, தாத்தா!"

"முப்பத்தஞ்சு டாலர் இதுக்கே சரியாப் போச்சு."

ஏழாம் அறையின் கதவு தானாகத் திறந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு போனார்கள். மார்லிஸ் போகவில்லை.

"அது அந்தப் பையன் எழுதிக் குடுத்ததா?"

"இல்ல."

"நெஜமா?"

"நெஜம்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் லீவரைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்தாள். ஆறடிதான்.

"அவரு கத்தினாரா?"

"காதுல அடைப்பான் போட்டிருந்தேன், மார்லிஸ்."

"அதக் கேக்கல."

"...ஆமா."

அவள் தலையை ஆட்டினாள். "மூஞ்சியக் கழுவு."

"அடுத்த கும்பல் வந்துரும்."

"வரட்டும். கழுவிட்டு அவங்ககிட்டயும் சொல்லு. மனுஷன் மூஞ்சியோட சொல்லு."

மூலையில் கத்தி கழுவுகிற தொட்டி இன்னும் இருக்கிறது. மையைத் தேய்த்துக் கழுவினேன். ஏப்ரனைக் கழற்றினேன். மார்லிஸ் சுவரில் தடவிப் பெரிய விளக்கின் சுவிட்சைக் கண்டுபிடித்துப் போட்டாள். வெள்ளை வெளிச்சத்தில் அறை வெறும் அறையாகிவிட்டது. ரப்பர் கால்களில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது தெரிந்தது.

அடுத்த கும்பல் வந்து கண் கூசி நின்றது. அவர்கள் கண்டது, கட்டம் போட்ட சட்டையில் ஒரு கிழவனையும் கோட்டுப் போட்ட ஒரு கிழவியையும்தான். நான் அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னேன். லென் ரூஷ்கா. பூட்டு இருந்தது. டென்னிங் வெட்டினான். நான் இழுத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

யாரும் கத்தவில்லை. ஒருத்தன் கொட்டாவி விட்டான். ஒரு பெண் தோழியிடம், "இது ஊழியருங்க ரூம்போல. தப்பா வந்துட்டோமா?" என்றாள்.

"சாரி அங்கிள், ஏதாவது ரிப்பேரா?"

"இல்ல" என்றேன். "நடந்ததச் சொல்றேன்."

"ஓ. ஓகே." அவன் பின்னால் திரும்பினான். "இந்த ரூம் ஓடலடா. காசுல கொறைக்கச் சொல்லணும்."

ஏழாம் அறையின் கதவு திறந்ததும் நிம்மதியாகப் போனார்கள். என் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கூப்பிட்டது. டிரெவர். "ஆறு, என்ன நடக்குது அங்க? லைட் எரியுதாம், கம்ப்ளெயிண்ட் வருது. லீவர இழுங்க தலைவரே. இழுத்தாப் போதும்."

வாக்கிடாக்கியைத் தொட்டியில் போட்டேன். மூன்று நிமிஷத்தில் டிரெவரே ஒரு பையனோடு வந்தான். விளக்கை அணைத்தான். என் ஏப்ரனை அந்தப் பையன் கட்டிக்கொண்டான். "திங்கக்கிழமை சம்பளம் வாங்கிக்குங்க," என்றான் டிரெவர், மரியாதையாக. நாங்கள் சரக்கு ஏற்றுகிற வாசல் வழியாக மைதானத்துக்கு வந்தோம். மார்லிஸின் காரை அடைவதற்குள் ஆறாம் அறையிலிருந்து அலறல் கேட்டது, சரியான நேரத்துக்கு.

"கார்ல ஏறு" என்றாள்.

ஏறினேன். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். நுழைகிறவர்களிடம் கையெழுத்து வாங்குகிற தாளின் நகல்: உள்ளே எனக்கு என்ன ஆனாலும் யாரும் பொறுப்பில்லை. அதைத் திருப்பிப் பின்பக்கத்தை என் மடியில் வைத்தாள், பேனாவையும் கொடுத்தாள்.

"எழுது."

"மார்லிஸ், பதினோரு வருஷம் ஆச்சு. கேஸ் நிக்காது."

"கேஸ் எனக்கு எதுக்கு? நாலு பேர் படிக்கணும். அந்தக் கொழந்தையோட அம்மா படிக்கணும். எழுது."

பேனாவை விரல் வளைவுக்குள் செருகிக்கொண்டேன். மேலே தேதி போட்டேன். அக்டோபர் முப்பத்தொன்று. அவள் அதைப் பார்த்துவிட்டுப் பேனாவைப் பிடுங்கினாள்.

"இந்தத் தேதியப் போட்டா எவன் நம்புவான்? ஹாலோவீன் வெளையாட்டும்பான்."

"அப்ப நாளைக்குக் காலைல வீட்டுக்கு வந்து எழுதித் தரேன்."

அதைச் சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போதே கன்சாஸில் இருக்கிற தம்பியின் ஞாபகம் வந்தது. வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று ஒரு யோசனை வந்தது. அவளுக்கு அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். இந்த முறை மையில்லை.

"ஒரு ராத்திரிய உன்கிட்டத் தரமாட்டேன்" என்றாள். "உக்காரு. பன்னெண்டு ஆகட்டும்."

உட்கார்ந்தோம். பத்து மணிக்கு அலறல் நின்றது. கார்கள் ஒவ்வொன்றாகப் போயின. டிரெவர் பலகை விளக்கை அணைத்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனான். குளிர் இறங்கியது. அவள் ஹீட்டரைப் போடவில்லை. நான் ஒருமுறை வாயைத் திறந்தேன்.

"பேசாத" என்றாள்.

பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிஷம் ஆனதும் கூரை விளக்கைப் போட்டாள். பழைய தேதியை அடித்துவிட்டு நவம்பர் ஒன்று என்று எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது. லென் பூட்டு மாட்டியதை நான் பார்த்தேன். மேஸ்திரி டென்னிங் அதை வெட்டினான். மெஷின் ஓடியது. லென் இறந்தான். பூட்டு இல்லை என்று நான் சொன்னது பொய். கீழே என் பெயர்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். விரலை ஓர் இடத்தில் வைத்தாள்.

"நடுவுல ஒண்ண விட்டுட்ட."

அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன்.

"அங்க அத்தன பேர் முன்னால சொன்னியே. கை தட்டினாங்களே."

தாளை என் மடிக்குத் தள்ளினாள். வெட்டினான் என்பதற்கும் ஓடியது என்பதற்கும் நடுவில் இடமே இல்லை. ஓரத்தில், செங்குத்தாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்: லீவரை இழுத்தது நான்.

அவள் அதை வாங்கி, ஒருமுறை மடித்து, கைப்பையில் வைத்து மூடினாள். இஞ்சினைக் கிளப்பினாள்.

"எறங்கு" என்றாள்.

இறங்கினேன்.